சிகரெட், கஞ்சா, காபி: விடுபடும் நாட்களின் குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

நாளைக் காலையிலிருந்து சிகரெட்டையும் கஞ்சாவையும் ஒருசேர நிறுத்திவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். 19 ஆண்டுகளாகப் புகைக்கிறேன். நாளொன்றுக்கு 15 சிகரெட் என்பது பிறரிடம் நான் சொல்லும் கணக்கு. காலிப் பெட்டிகளை எண்ணிப் பார்த்தால் 20க்குக் குறையாது. இரவு உணவுக்குப் பின் புகையிலை கலந்து சுருட்டிய கஞ்சா ஒன்று, சில நாட்களில் இரண்டு. இவற்றுக்கு நடுவே 5 கோப்பை காபி.

இதற்கு முன் இரண்டு முறை சிகரெட்டை மட்டும் விட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் பத்து நாட்களுக்குள் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அதற்கான காரணம், இப்போது எழுதிப் பார்க்கும்போது, வெட்கப்படும் அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது. பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிகரெட்டைத் தவிர்த்துவிட்டு, இரவில் சுருட்டும் தாளுக்குள் பாதிக்கு மேல் புகையிலையைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். நிகோட்டினை நான் விடவே இல்லை. அதன் வேலை நேரத்தை இரவுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

காபியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். மூன்றையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டால் காலையில் எதை நம்பி எழுந்திருப்பது?

மாலையில் மேசை இழுப்பறையைக் கவிழ்த்தேன். சாம்பல் கிண்ணம் 2, லைட்டர் 7, அவற்றுள் எரிபவை 3. துவைத்து மடித்து வைத்திருந்த சட்டையின் பையை வெளிப்புறமாகத் திருப்பினால், அடித்தையலின் மூலையிலிருந்து பழுப்பு நிறத்தில் புகையிலைத் தூள் உதிர்கிறது. எத்தனை துவைப்புகளைத் தாண்டி அங்கேயே தங்கியிருந்ததோ!

ஜனவரி 6, திங்கள்

எழுந்த பத்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவன் நான். ஒருவர் நிகோட்டினை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்று மதிப்பிட மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வியே இதுதான். சிகரெட்டுக்குப் பதிலாக, புகையில்லாமல் நிகோட்டினைச் சிறிதளவு தரும் சூயிங்கம் இருக்கிறது: அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். எனக்கு 4. இதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக்கூடாது. வாயில் காரம் தெரியும்வரை மென்றுவிட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைக்க வேண்டும், காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். நான் அவசரப்பட்டு மென்று விழுங்கியதில் நண்பகல் வரை விக்கல் நிற்கவில்லை.

உடம்பில் ஏறிய நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. இன்று என் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போன நேரங்களை ஒரு தாளில் குறித்து வந்தேன். பிற்பகலில் குறிப்பதை நிறுத்திவிட்டேன், தாள் போதவில்லை.

ஜனவரி 8, புதன்

மூன்றாம் நாள்தான் உச்சம் என்று படித்திருந்தேன், படித்தது வீண்போகவில்லை. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை இல்லை. நேற்றிரவு இரண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன். எழுந்தபோது தலையணை உறை பிழியும்படி வியர்வையில் நனைந்திருந்தது. பகல் சோர்வை விரட்ட 5 கோப்பை காபி 7 ஆனது.

"காலையிலேர்ந்து நாலு தடவை கதவை அறைஞ்சு சாத்திட்டீங்க. நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் மனைவி. ஐந்தாவது முறை நான் மெதுவாகச் சாத்தியதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜனவரி 11, சனி

இன்று மருத்துவரைப் பார்த்தேன். நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் விவரித்து, நிகோட்டினை விட்டதால் வரும் பிரிவுத் துன்பம் இத்தனை கொடுமையானதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், "காபி எத்தனை?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் விளக்கியதை வீட்டுக்கு வந்து மேலும் படித்து, எனக்குப் புரிந்த வகையில் எழுதிவைக்கிறேன். காபியிலுள்ள கஃபீனைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. புகையிலை எரியும்போது எழும் தாரில் உள்ள சில வேதிப்பொருட்கள் அந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. கஞ்சாப் புகைக்கும் அதே குணம் உண்டு. எனவே, புகைப்பவரின் உடம்பு மற்றவர்களின் உடம்பைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் கஃபீனை வெளியேற்றிவிடுகிறது. 19 ஆண்டுகளாக எனக்கு 5 கோப்பை தேவைப்பட்டதற்கும், இரவு பத்து மணிக்குக் காபி குடித்துவிட்டுத் தூங்க முடிந்ததற்கும் இதுவும் ஒரு காரணம். அதை என் உடம்பின் தனித் திறமை என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். புகையை நிறுத்திய சில நாட்களுக்குள் நொதி தன் பழைய மந்த நிலைக்குத் திரும்பிவிடுகிறது, காபியின் அளவோ அப்படியே நிற்கிறது. இரத்தத்தில் கஃபீன் இரட்டிப்பாகிறது. நானோ அளவைக் கூட்டியும் இருந்தேன்.

நொதியை முடுக்குவது நிகோட்டின் இல்லை, புகை என்பதால் சூயிங்கம் மெல்வது இங்கே எந்த உதவியும் செய்யாது. போதாக்குறைக்கு, காபியின் அமிலத்தன்மை வாயில் இருக்கும்போது சூயிங்கத்திலிருந்து நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை. குடித்து 15 நிமிடமாவது கழித்துத்தான் மெல்ல வேண்டும். நான் ஒரு கையில் கோப்பையும் வாயில் சூயிங்கமுமாக உட்கார்ந்திருந்தவன். ஆக, இந்த வாரம் எனக்கு வந்து சேர வேண்டிய நிகோட்டினைத் தடுத்ததும் காபி. நிகோட்டின் இல்லாததால் வந்தது என்று நான் நினைத்த நடுக்கத்தில் பாதியைத் தந்ததும் காபி. துணைக்கு வைத்துக்கொண்டதே இப்படிச் செய்திருக்கிறது.

நாளை முதல் 2 கோப்பை, இரண்டும் நண்பகலுக்கு முன்.

ஜனவரி 13, திங்கள்

நடுக்கம் நின்றுவிட்டது. கனவுகள் தொடங்கிவிட்டன.

கஞ்சா புகைத்த ஆண்டுகளில் எனக்குக் கனவு வந்ததாக நினைவே இல்லை. கனவுகள் மிகுதியாக நிகழும் உறக்கப் பகுதியை அது அமுக்கிவைக்கிறது; நிறுத்தியதும் அமுக்கப்பட்டதெல்லாம் ஒரே மூச்சில் மேலெழுகிறது. நேற்றிரவு, இறந்துபோன அப்பா என் லைட்டர்களை வரிசையாக அடுக்கி, எரியாதவற்றை மட்டும் தன் வேட்டி மடிப்பில் எடுத்து வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விழித்த பிறகும் லைட்டர் சக்கரத்தின் சொரசொரப்பு கட்டைவிரலில் இருந்தது.

கஞ்சாவை எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம், அதற்குப் பிரிவுத் துன்பம் கிடையாது என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் கஞ்சாப் பிரிவு நிலை இடம்பெற்றதே 2013இல் வந்த பதிப்பில்தான். எரிச்சல், பசியின்மை, வியர்வை, கெட்ட கனவு என்று அங்கே கொடுத்திருக்கும் அறிகுறிகளைப் படித்தபோது என் நாட்குறிப்பை யாரோ பார்த்து எழுதியதுபோல இருந்தது. கஃபீன் பிரிவு நிலையும் அதே பதிப்பில்தான் முறையான நோயறிதலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த வரியை அக்கறையில்லாமல் தாண்டிச் சென்றேன்.

ஜனவரி 17, வெள்ளி

பசி திரும்பிவிட்டது. மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 22, புதன்

இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு முழுவதும் பொய்யாகிவிடும். மழைக்கோட்டின் உட்பையில் பாதி எரிந்து அணைத்த கஞ்சாத் துண்டு ஒன்று கிடைத்தது. பத்து நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டுப் பற்றவைத்தேன். இரண்டு இழுப்பு. தலை சுற்றியது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, அடிவயிற்றில் குமட்டல். 16 நாள் விரதத்தைத் தின்ற அந்த இரண்டு இழுப்பில் எது கஞ்சாவின் வேலை, எது புகையிலையின் வேலை என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. மாலையானால் கஞ்சா வேண்டும் என்று இத்தனை ஆண்டுகள் நான் தவித்ததில் எத்தனை பங்கு வெறும் புகையிலைக்கான தவிப்போ?

துண்டின் மிச்சத்தைத் தண்ணீரில் நனைத்துப் போட்டேன். நாள் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கப்போவதில்லை. அது தண்டனை போலத் தோன்றுகிறது, தண்டனைக்கு நான் பதில் தரும் விதம் எனக்குத் தெரியும். மனைவியிடம் சொன்னேன். "சரி, மத்த பையெல்லாம் பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள். இருவருமாக அலமாரியை முழுவதும் இறக்கினோம்.

பிப்ரவரி 3, திங்கள்

இரண்டு பெரியவற்றை விட்டவனுக்கு இரண்டு கோப்பை எம்மாத்திரம் என்ற இறுமாப்பில், நேற்றுக் காலை முதல் காபியை அடியோடு நிறுத்தினேன். மாலையில் பிடரியில் மெல்லிய கனம். இன்று காலை அது கண்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. சோர்வைத் தெரிவிக்கும் அடினோசின் என்ற பொருள் மூளையில் ஒட்டும் இடங்களைக் கஃபீன் அடைத்து வைக்கிறது. அடைப்பு நீங்கியதும் அடினோசின் முழு வீச்சில் வேலை செய்கிறது, மூளையின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, தலை இடிக்கிறது. 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி இரண்டாம் நாளில் உச்சத்தைத் தொடும் இது, ஒரு வாரத்துக்கு மேலும் நீளக்கூடும்.

பொறுக்க முடியாமல் வீட்டிலிருந்த தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கினேன். அரை மணி நேரத்தில் வலி அதிசயமாகக் கரைந்தது. சந்தேகப்பட்டு அட்டையைத் திருப்பிப் படித்தேன்: பாராசிட்டமால் 500 மில்லிகிராம், கஃபீன் 65 மில்லிகிராம்.

தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். நாளை முதல் ஒரு கோப்பை, அடுத்த வாரம் அரை, அதற்கடுத்த வாரம் கால்.

மார்ச் 2, ஞாயிறு

எட்டு வாரங்கள் முடிந்தன. சூயிங்கம் 4இலிருந்து 2 மில்லிகிராமுக்கு இறங்கி, நாளொன்றுக்கு மூன்றில் நிற்கிறது; எனவே நிகோட்டினை விட்டுவிட்டேன் என்று இன்னும் சொல்ல முடியாது, புகையை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லலாம். கனவுகள் வருகின்றன, ஆனால் அப்பா வருவதில்லை. காலைச் சளி இருமல் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது.

இன்று பத்தாம் நாளாகக் காபி இல்லை. மனைவி காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பைகளில் ஊற்றிவிட்டு, என் எதிரில் வைத்த பிறகுதான் நினைவு வந்து கையை நீட்டினாள். இருக்கட்டும் என்றேன். ஆவி அடங்கும்வரை முகர்ந்துகொண்டிருந்தேன். பிறகு அவளே இரண்டையும் குடித்தாள்.