தம்பியோட கார்டு இருக்கு, என்னோடது இல்ல

அமெரிக்கால கிரீன் கார்டுக்கு வரிசைல நிக்கறவங்கள்ல எந்த தேதிக்காரங்க இப்ப விண்ணப்பிக்கலாம்னு மாசாமாசம் விசா புல்லட்டின்னு ஒண்ணு வரும். அக்டோபர் மாசத்தோடது செப்டம்பர் நடுவுல வந்துச்சு, நாங்க வரிசைல சேந்த 2013 டேட் அதுல உள்ள வந்துருச்சு. வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்தே போன் பண்ணி கத்துறாரு. சந்தோஷம் ரெண்டு மணி நேரம்தான், அப்புறம் லாயர் கிட்ட இருந்து லிஸ்ட் வந்துச்சு. அதுல மூணாவதா மெடிக்கல், அதாவது டாக்டர் பரிசோதிச்சு நெறப்புற ஐ-693 ஃபார்ம். முன்னெல்லாம் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டுட்டு மெடிக்கல மெதுவா அனுப்பலாம், எங்க ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேரு அப்படித்தான் பண்ணாங்க, ஆனா 2024 டிசம்பர் 2ல இருந்து ரெண்டும் சேர்ந்தே போகணும், இல்லன்னா ஃபைலையே திருப்பி அனுப்பிருவாங்கன்னு லாயர் போல்டுல எழுதியிருந்தாங்க.

அந்த மெடிக்கலுக்கு தடுப்பூசி போட்டதுக்கு ரெக்கார்டு வேணும். கோவில்பட்டிக்கு போன போட்டேன். அம்மா பீரோவ கலைச்சு அரை மணி நேரம் தேடிட்டு, "தம்பியோட கார்டு இருக்கு, ஒன்னோடத காணோம்மா"ங்கிறாங்க. தம்பி ஊர்ல அரிசிக்கடை வச்சிருக்கான், அவனுக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. அவனோட மஞ்சக் கார்டு மூணு நாலு சீலோட பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல இருக்காம்!

"எனக்கு என்னென்ன ஊசி போட்டீங்க?"ன்னு கேட்டா தேதி வராது, கதைதான் வரும். ஒண்ணாப்பு படிக்கும்போது எனக்கு அம்மை போட்டதும், வீட்ல பதினஞ்சு நாள் தாளிக்காம இருந்ததும், மூணாவது தண்ணி ஊத்தினப்புறம்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனதும் ஒண்ணு விடாம சொல்றாங்க. பொன்னுக்கு வீங்கி வந்துச்சான்னு கேட்டேன், "அது ஒனக்கா தம்பிக்கான்னு நெனவில்லயே". இத எந்த பாக்ஸ்ல எழுதுறது. இங்க பொறந்த எங்க பொண்ணுக்கு ஒவ்வொரு ஊசியும் தேதியோட போன்ல இருக்கு, ஆனா அவ சிட்டிசன், அவளுக்கு இந்த மெடிக்கலே தேவையில்ல.

இந்த ஊசி விஷயம் 1996ல குடியேற்ற சட்டம் மாத்தினப்போ உள்ள வந்தது. லிஸ்ட் அப்பப்ப மாறும். 2008ல எச்பிவி (கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான) ஊசிய சேத்தாங்க, ஒரு வருஷம் சண்டை நடந்து 2009 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. கோவிட் ஊசி 2021 அக்டோபர்ல சேந்துச்சு, 2025 ஜனவரில போயிருச்சு. அதனால ரெண்டு வருஷம் முன்னாடி மெடிக்கல் முடிச்ச ஃப்ரெண்டு சொல்றத வச்சு ஊசி போட்டுக்காதீங்க. வயச வச்சும் மாறும், என் வயசுக்கு (39) முக்கியமா வந்தது எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் ஒரே ஊசி), சின்னம்மை, டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான்), ஹெப்படைட்டிஸ் பி. அக்டோபர் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் மெடிக்கல் போனா ஃப்ளூவும்.

கார்டு இல்லன்னா எல்லாத்தையும் முதல்ல இருந்து குத்திக்கணும்னு நெனச்சு பயந்துட்டேன். அப்படி இல்ல. சில நோய்க்கு டைட்டர்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, உடம்புல எதிர்ப்பு சக்தி இருந்தா அந்த ரிப்போர்ட்டே போதும். நம்ம ரெகுலர் டாக்டர் கிட்ட எடுத்தேன். சின்னம்மைக்கு இருக்கு, அம்மா சொன்னது லேப்ல அப்படியே வந்துருச்சு. தட்டம்மை, ரூபெல்லா ரெண்டுக்கும் இருக்கு. பொன்னுக்கு வீங்கிக்கு இல்ல, அப்ப அது தம்பிக்குத்தான் வந்திருக்கு. நாங்க பொறந்த சமயம் இந்த மூணுல ஊர்ல கவர்மென்ட் ஊசில தட்டம்மைக்கு மட்டும்தான் உண்டு, பொன்னுக்கு வீங்கி அதுல கிடையாது. மூணுல ஒண்ணு இல்லன்னாலும் எம்எம்ஆர் போட்டே ஆகணும்.

இங்கதான் நான் சொதப்பினது. மெடிக்கல் பண்ற சிவில் சர்ஜன் (இதுக்குன்னு அரசு அங்கீகரிச்ச டாக்டர்) கிளினிக்ல பரிசோதனைக்கு ஆளுக்கு 350 டாலர், இன்சூரன்ஸ் கிடையாது, ஊசி அங்கயே போட்டா ஒவ்வொண்ணுக்கும் தனியா காசு. அதே ஊசி பார்மஸில இன்சூரன்ஸ்ல சும்மா கிடைக்குது. விடுவேனா, அன்னைக்கே போய் எம்எம்ஆர், டிடாப், ஹெப்படைட்டிஸ் பி மூணையும் போட்டுட்டு ரெண்டு கையும் தூக்க முடியாம வந்து படுத்தேன். ஒரு வாரம் கழிச்சு சிவில் சர்ஜன் கிட்ட போனா அவர் தேதிய பாத்துட்டு, மெடிக்கல்ல வர்ற டிபி (காசநோய்) டெஸ்ட்டுக்கு இப்ப ரத்தம் எடுக்க முடியாதுங்கிறாரு. எம்எம்ஆர் உயிருள்ள கிருமில செய்யுற ஊசியாம், அது டிபி ரிசல்ட்ட கெடுத்துரும், அதனால ரெண்டும் ஒரே நாள்ல இருக்கணும், இல்லன்னா நாலு வாரம் போகணும். பார்மஸில இருந்த பொண்ணுக்கு நான் எதுக்கு போடுறேன்னே தெரியாது, நானும் சொல்லல. நாலு வாரம்னா அக்டோபர் கடைசி, அடுத்த புல்லட்டின்ல டேட் பின்னாடி போயிட்டா என்ன பண்றதுன்னு தூக்கமே இல்ல, இதுல அக்டோபர் ஒண்ணும் தாண்டிட்டதால ஃப்ளூ ஊசியும் சேந்துகிச்சு.

ஹெப்படைட்டிஸ் பி மூணு டோஸ், ஆறு மாசம் ஆகும், அதுவும் முடியணுமோன்னு கேட்டேன். வேணாம். ஒரு டோஸ் போட்டிருந்தா போதும், அடுத்ததுக்கு இன்னும் நாள் ஆகலன்னு ஃபார்ம்ல ஒரு பாக்ஸ் இருக்கு, டாக்டர் அத டிக் பண்ணிருவாரு. (மாசமா இருக்கறவங்களுக்கு எம்எம்ஆர், சின்னம்மை ஊசி போட மாட்டாங்க, அதுக்கும் தனி பாக்ஸ்.)

வீட்டுக்காரர் எந்த ஊசியும் போடாம என் கூட சும்மா வந்ததால அவருக்கு அன்னைக்கே ரத்தம் எடுத்தாங்க, எம்எம்ஆரும் அங்கயே காசு குடுத்து அன்னைக்கே போட்டாச்சு. நாலு நாள்ல போன், டிபி பாசிட்டிவ். மனுஷன் ஆடிப்போயிட்டாரு. சின்ன வயசுல டிபிக்கு பிசிஜி ஊசி போட்ட தழும்பு கைல இருக்கே, அதனாலதான் வந்திருக்கும்னு வாதாடினாரு. பழைய தோல் டெஸ்ட்டுக்கு அது சரிதான், இந்த ரத்த டெஸ்ட்டுக்கு பிசிஜியால வித்தியாசம் வராது. எப்பவோ கிருமி உள்ள போய் தூங்கிட்டு இருக்குன்னு அர்த்தம், நம்ம ஊர்ல வளந்தவங்க நிறைய பேருக்கு இப்படி வரும். எக்ஸ்ரே எடுத்தாங்க, நெஞ்சு சுத்தம், டாக்டர் கையெழுத்து போட்டுட்டாரு. தூங்குற டிபிக்காக கிரீன் கார்டு நிக்காது, ஆனா ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்கு தகவல் போகும். அங்க இருந்து கூப்பிட்டு மாத்திரை எடுத்துக்கறீங்களான்னு கேட்டாங்க, கட்டாயம் இல்ல, இவர் சரின்னுட்டாரு. ரிஃபாம்பின், நாலு மாசம். முதல் நாள் காலைல பாத்ரூம்ல இருந்து ஒரு அலறல், ஃபேன்டா கலர்ல போகுதாம். மாத்திரை டப்பாலயே எழுதியிருக்கு, யாரு படிக்கிறா.

எனக்கு நாலு வாரம் முடிஞ்ச அன்னைக்கு காலைல எட்டு மணிக்கே கிளினிக் வாசல்ல நின்னேன். நெகட்டிவ். ஒட்டின கவர் ரெண்டு குடுத்தாங்க, அத பிரிக்கவே கூடாது, உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னா கையெழுத்து போடும்போதே காப்பி ஒண்ணு கேட்டு வாங்கிக்கங்க. பேரு, பொறந்த தேதி ஸ்பெல்லிங் எல்லாம் அதுலதான் சரி பாக்க முடியும். வீட்டுக்காரரோட கடைசி பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்துச்சு, பாத்தோமோ பொழச்சோமோ, அங்கயே வேற ஃபார்ம் போட்டு குடுத்தாங்க.

29ம் தேதி லாயர் ஃபைல் பண்ணிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். "தம்பி கார்ட அனுப்பவா, எதுக்கும் ஆகுமா?"ன்னு கேக்கறாங்க.