அளவுகல்லில் இன்றைய தண்ணீர்

ஜனவரி 12
குளத்தின் நீர்மட்டம் காட்டும் அளவுகல்லில் 152 சென்டிமீட்டர். குளத்துக்குள் இருக்கும் கருவை மரத் திட்டுக்குச் சங்குவளை நாரைகள் குச்சி சுமக்க ஆரம்பித்துவிட்டன.

ஜனவரி 19
141. ஒரே வாரத்தில் 11 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. மணிமுத்தாறு பிரதானக் கால்வாயில் நம் ரீச்சுக்கு, அதாவது கால்வாயின் நம் பகுதிக்கு, முறைத் தண்ணீர் முடிந்தது. இனி வானம் கொடுத்தால்தான் உண்டு.

கடைமடை வயலில் இன்று நீர்மட்டக் குழாய் ஊன்றியாயிற்று. நான்கு அங்குல பிவிசி குழாயில் 30 சென்டிமீட்டர் துண்டு. அதில் கீழ் 20 சென்டிமீட்டருக்குச் சுற்றிலும் சிறு துளைகள். துளைப் பகுதி மண்ணுக்குள் போகும், மிச்சம் 10 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். இறக்கியதும் உள்ளே அடைத்திருக்கும் சேற்றைக் கையால் அள்ளி எடுக்கணும். அதை விட்டுவிட்டால் குழாயில் தெரிவது வயலின் நீர்மட்டமே இல்லை. வரப்பை ஒட்டியும் ஊன்றக்கூடாது. பக்கத்து வயலின் கசிவு உள்ளே வந்து, தண்ணீர் இருப்பதுபோலக் காட்டும். வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாத இடமாகப் பார்க்கணும்.

குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகுதான் அடுத்த பாய்ச்சல். அப்போதும் 5 சென்டிமீட்டர் கட்டினால் போதும். நம் பாட்டன்மார் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இது. கண் பார்த்துச் சொன்னதைக் குழாய் அளந்து சொல்கிறது. ஏக்கருக்கு ஒரு பாய்ச்சலைத் தவிர்த்தால் 2 லட்சம் லிட்டர் குளத்திலேயே நிற்கும்.

ஜனவரி 20
நேற்று ஊன்றிய குழாயில் ஒரே இரவில் 9 சென்டிமீட்டர் இறக்கம். பயிர் அவ்வளவு குடிக்காது. தேடிப் பார்த்ததில் வரப்பில் மூன்று நண்டு வளை. களிமண் உருண்டை வைத்து மிதித்து அடைத்தாயிற்று.

ஜனவரி 27
திட்டில் பெரும்பாலான கூடுகளில் பறவை எழும்பாமல் அமர்ந்திருக்கிறது. அடைகாப்பு.

பிப்ரவரி 4
116. கதிர் வெளிவருகிறது. நீர்பாய்ச்சி காலையிலேயே வந்து நின்றார். "அண்ணாச்சி, கதிர் தள்ளுத நேரம். காயப் போட்டுப் பதரு விழுந்தா யாரு பதில் சொல்லுவா?"

அவர் கேட்டது நியாயம். பூக்கும் சமயத்தில் காய்ச்சல் கிடையாது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் வயலில் 5 சென்டிமீட்டர் நிற்கணும். அங்கே சிக்கனம் பிடித்தால் மணி பிடிக்காது. சிக்கனம் எல்லாம் தூர் கட்டும் காலத்திலும் பால் முற்றிய பிறகும்தான். இரண்டு மடைக்கண்ணையும் திறக்கச் சொன்னேன். அளவுகல் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 20
90.

இன்று முழுக்க இந்த ஒரு எண்தான் மண்டைக்குள். கணக்கை எழுதியே வைத்துவிடுகிறேன்.

இந்த மட்டத்தில் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 40 ஹெக்டேர். இனி வரும் வெயிலில் ஆவியாகப் போவது நாளுக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்தால் 28 லட்சம் லிட்டர். தரையில் ஊறுவது 2 மில்லிமீட்டர். மடையைத் தொடாமலே நாளுக்கு 9 மில்லிமீட்டர் போகும். 90 சென்டிமீட்டர் 100 நாளைக்கு வரும். மே 31.

இப்போது நிற்கும் பிசான நெல்லை அறுத்த கையோடு 60 ஏக்கரில் கோடை நெல் போடலாம் என்று பேச்சு இருக்கிறது. வயலுக்கு நாளுக்கு 10 மில்லிமீட்டர் என்றால் 24 லட்சம் லிட்டர். குளத்தில் அது இன்னொரு 6 மில்லிமீட்டர். ஆக 15. 90 சென்டிமீட்டர் 60 நாளில் தீரும். ஏப்ரல் 21.

அதுவும் பரப்பு 40 ஹெக்டேராகவே இருந்தால்தான். தண்ணீர் இறங்க இறங்கப் பரப்பு சுருங்கும். 20 ஹெக்டேர் ஆகும்போது அதே 24 லட்சம் லிட்டர் குளத்தில் 12 மில்லிமீட்டர். நெல்லுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய நேரமும் குளம் வேகமாக வற்றும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும்.

நாரைக்கு முட்டையிலிருந்து குஞ்சு வர ஒரு மாதம். குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல். தோராயமாக 100 நாள். ஜனவரி 20-ஐ ஒட்டி முட்டையிட்டவை ஏப்ரல் கடைசியில் பறக்கும். பிந்தி வந்தவை இப்போதுதான் அடைக்கு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு மே கடைசி. ஏப்ரல் 21-இல் திட்டின் அடி காய்ந்தால் முதல் கூட்டத்துக் குஞ்சுகளே பறந்திருக்காது. மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரை நாயும் காட்டுப்பூனையும் வராது, விறகு வெட்டும் கையும் வராது. அந்தத் தண்ணீர்தான் கூட்டுக்கு வேலி.

பிப்ரவரி 21
கணக்கை மூன்று முறை சரிபார்த்தாயிற்று. மாறவில்லை.

பிப்ரவரி 22
நாரைக்காகக் குளத்தைத் தளும்ப வைக்கணும் என்று சிலர் பேசுகிறார்கள். அதுவும் சரியில்லை. நாரை தொட்டு உணர்ந்து மீன் பிடிக்கும் பறவை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நடக்கும். ஒரு சாணுக்குச் சற்று மேல் ஆழம் போனாலே அதற்குக் கஷ்டம். குளம் மெல்ல வற்றும்போது ஓரத்தில் மீன் திரளும், குஞ்சுக்கு இரை கிடைக்கும். கூழைக்கடாவுக்கோ நீந்த ஆழம் வேண்டும். இரண்டுக்கும் பொருந்துவது நாளுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் இறங்கும் குளம். ஆழத்தைவிட இறங்கும் வேகம்தான் கேள்வி.

பிப்ரவரி 24
நெல் தரிசில் உளுந்து என்று முடிவாகியிருக்கிறது. 60 ஏக்கரும் இல்லை, 46. மீதிக்காரர்கள் கிணற்றுப் பாசனத்தில் நெல் போடுகிறார்கள்; மடைத் தண்ணீர் கேட்கவில்லை.

ஆடுதுறை 3 ரகம், ஏக்கருக்கு 12 கிலோ. ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து நிழலில் உலர்த்தி, நிற்கிற நெல்லுக்குள்ளேயே வீசினோம். பதம்தான் முக்கியம். மண் மெழுகுபோல இருக்கணும், மிதித்தால் கால் தடம் பதியணும், தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது. தண்ணீர் தேங்கினால் விதை அழுகும். காய்ந்தால் முளைக்காது. இன்னொன்று, அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. கையறுப்பு என்றால் ஒரு வாரம் பத்து நாள் முன்பே விதைக்கலாம். இயந்திரத்துக்கு அவ்வளவு முந்தக்கூடாது. முளைத்து நிற்கும் செடி பெல்ட்டுக்கு அடியில் நசுங்கும்.

நெல் போட்டவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வரும்படி உளுந்தில் கிடைக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. விட்டுக்கொடுத்தவர்கள் எல்லாம் கடைமடைக்காரர்கள். தண்ணீர் வராத வருசத்திலும் முதலில் நட்டப்படுகிறவர்கள் அவர்கள்தான். இது என்னை உறுத்துகிறது.

பிப்ரவரி 28
அறுப்பு. பெல்ட் போன தடம் தவிர மற்ற இடமெல்லாம் முளை.

மார்ச் 7
75. மயில்.

விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் வருகின்றன. வித்திலை பிளந்த செடியைக் கிள்ளி எடுத்தால் செடி திரும்பத் தழைக்காது. ஆபத்து முதல் பத்து நாள்தான். மயில் நேராக வயல் நடுவில் இறங்குவது குறைவு. வரப்பில் இறங்கி, சுற்றும் பார்த்துவிட்டு, நடந்துதான் உள்ளே வரும். பழைய சேலைகளை இடுப்பளவு உயரத்துக்கு வரப்பைச் சுற்றிக் கட்டினால் உள்ளே பார்வை மறையும், தயங்கும். மீன்வலை கட்டவே கூடாது. கால் சிக்கி வெயிலில் துடித்துச் சாகும்.

ஒருவர் மெதுவாக, குருணை மருந்து கலந்து வைத்தால் என்ன என்று கேட்டார். கார்போபியூரான் குருணையைப் பறவை தானியம் என்று கொத்தும், சில மணிகளே போதும். மயிலோடு நிற்காது. மைனா, கவுதாரி, செத்ததைத் தின்னும் நாய் வரைக்கும் போகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் மயில் முதல் பட்டியலில் இருக்கிறது, 3 முதல் 7 வருசம் சிறை. சட்டத்தைச் சொன்னபோது தலையாட்டினார். மைனாவைச் சொன்னபோதுதான் முகம் மாறியது.

மார்ச் 8
சேலை கட்டியாயிற்று. கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை, மஞ்சள். 46 ஏக்கருக்கும் போதவில்லை. கருவைக்காட்டை ஒட்டிய வரப்புகளுக்கு மட்டும்.

மார்ச் 17
நேற்று மாலை 67. இன்று காலை 64.

ஒரே ராத்திரியில் 3 சென்டிமீட்டர். மூன்று நாள் தண்ணீர். உளுந்து வயலில் ஒரு சொட்டு இல்லை, உபரி நீர் போகும் மறுகால் ஓடையில் நுரை தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது. மீன் குத்தகைக்காரருக்குத் தண்ணீர் குறையணும். குறைந்தால்தான் வலைக்கு மீன் அகப்படும். குத்தகைச் சீட்டில் மீன் பிடிக்கும் கெடு இருக்கிறது. எந்த மட்டத்துக்குக் கீழே மடையைத் தொடக்கூடாது என்பது எங்குமே இல்லை. கோபம் ஆறவில்லை. அந்த ஒரு வரியை அடுத்த ஏலத்துக்கு முன் எழுதி வாங்காமல் விடுவதில்லை.

மார்ச் 18
மடைக்குப் பூட்டு. பூட்டிய பிறகும் கசிவு. ஷட்டர் அடியில் ரப்பர் பட்டை நைந்து கிடக்கிறது. கசியும் தண்ணீருக்கு 20 லிட்டர் வாளியைப் பிடித்தால் 8 நொடியில் நிறைகிறது. அப்படியானால் நாளுக்கு 2 லட்சத்து 16 ஆயிரம் லிட்டர். யார் கண்ணுக்கும் படாமல் ஒரு ஏக்கர் பாய்ச்சல் அன்றாடம் ஓடைக்குப் போயிருக்கிறது. பட்டை மாற்றும்வரை களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து சாக்கில் கட்டி உள்பக்கம் திணித்திருக்கிறது. தண்ணீரின் அழுத்தமே அதை ஷட்டரோடு ஒட்டிவைக்கும்.

மார்ச் 24
58. கசிவு நின்றது.

மார்ச் 31
உளுந்து பூ. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முந்தின இரவே ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கித் தெளிப்பு. வண்டலோடு ஊற்றினால் தெளிப்பானின் வாய் அடைக்கும். 15 நாள் கழித்து இன்னொரு முறை. அங்கங்கே மஞ்சள் தேமல் நோய் வந்த செடி தெரிகிறது, பிடுங்கிப் புதைத்தோம். பரப்புவது வெள்ளை ஈ. குளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் மருந்து அடிக்க மனம் வரவில்லை. மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு ஐந்து.

ஏப்ரல் 2
50. மத்தியானம் ஒரு மணி. ஒரு தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி, இறக்கை இரண்டையும் பாதி விரித்து நின்றது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சு, வாய் திறந்தபடி தொண்டை படபடக்க. வெயில் நகர நகரத் தாயும் கால் மாற்றி மாற்றித் திரும்பியது. இரண்டு மணி நேரம். இரைக்குப் போன துணை வந்த பிறகுதான் இறக்கையை மடக்கியது.

ஏப்ரல் 9
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. 43.

ஏப்ரல் 14
சித்திரை ஒன்று. கூட்டு விளிம்பில் நின்று குஞ்சுகள் இறக்கை அடித்துப் பழகுகின்றன.

ஏப்ரல் 21
33.

கோடை நெல் போட்டிருந்தால் அந்தக் கணக்கின்படி இன்று பூஜ்யம். 33 இருக்கிறது.

ஏப்ரல் 26
குளத்தின் உள்வாயில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் இரண்டு. மடைக்குப் பூட்டுப் போட்டால் குழாய் கரை மேலேயே ஏறி வருகிறது. நொடிக்கு 10 லிட்டர்தான் இறைக்கிறது என்றாலும் எஞ்சின் ஒன்றுக்கு மணிக்கு 36,000 லிட்டர். தென்னைக்கு என்கிறார்கள். தென்னை காய்ந்தால் வருசக்கணக்கில் போகும், அதுவும் உண்மைதான். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று பேசி நிறுத்தியிருக்கிறது. தென்னை வட்டத்தில் மட்டையும் நார்க்கழிவும் பரப்பி மூடினால் அந்தத் தண்ணீரே நின்று பிடிக்கும்.

சீமைக்கருவையைப் பிடுங்க ஜேசிபி கேட்டும் ஆள் வந்தது. வேண்டிய வேலைதான், ஆனால் இப்போது வேண்டாம். பிந்தி வந்த கூடுகளில் பாதி அந்த மரத்தில்தான் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் வேரோடு எடுக்கலாம். மட்டத்துக்கு வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். எடுத்த இடத்தில் மண்திட்டுப் போட்டு நாட்டுக்கருவை ஊன்றணும்.

ஏப்ரல் 30
முதல் கூட்டத்தில் பாதிக்கு மேல் பறந்துவிட்டன!

மே 3
கோடை மழை. 22 மில்லிமீட்டர். அளவுகல்லில் 23 இருந்தது, இப்போது 26.

மே 5
உளுந்து பறிப்பு. பறவை எச்சம் படிந்த குளத்து வண்டல் போட்ட வயலில் செடி கருகருவென்று நிற்கிறது. 1798-இல் வேடந்தாங்கல்காரர்கள் பறவையைச் சுடாதே என்று கலெக்டரிடம் போய் நின்றதற்கு இந்த எச்சத் தண்ணீரும் ஒரு காரணம்.

மே 8
22. வடக்கு ஓரம் திட்டுவரை சேறு தெரிகிறது. சேற்றில் நாய்த் தடம், திட்டுக்கு முப்பது அடி தள்ளி. அங்கே தரை மேடாக இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்காதது என் தவறு. வெட்டிக் கிடந்த முள்ளை இழுத்து அந்த ஓரம் முழுக்க அடைத்தோம்.

பிந்தின கூடு 31. பறக்க இன்னும் மூன்று வாரம்.

மே 9
21. முள் நிற்கிறது. புதுத் தடம் இல்லை.

மே 10
20.