நெட் தேர்வுக்குத் தாவர ஹார்மோன்: அடக்கிப் புரதத்திலிருந்து தொடங்குங்கள்

சிஎஸ்ஐஆர் நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) உயிர் அறிவியலில் ஆறாவது அலகு தாவர உடலியல். ஹார்மோன்களைப் பலரும் பட்டியலாகத்தான் படிக்கிறார்கள்: ஆக்சின் வேர் விட வைக்கும், ஜிப்பெரலின் தண்டை நீட்டும், இப்படி. வினாத்தாளின் பகுதி சி-யில் இது கைகொடுக்காது. அங்கே ஒரு மியூட்டன்ட் (மரபணு மாறிய) செடியைச் சொல்லி, ஹார்மோன் தெளித்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். அதனால் நான் ஒவ்வொரு ஹார்மோனுக்கும் அடக்கிப் புரதம் (ஹார்மோன் வரும்வரை அதன் விளைவைத் தடுத்து வைப்பது) எது, அது அழியாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியோடுதான் படித்தேன்.

முதலில் ஆக்சின். மரபணுவை இயக்கும் ஏஆர்எஃப் புரதம் அதன் புரோமோட்டரில் (இயக்கம் தொடங்கும் பகுதியில்) தயாராக இருக்கிறது. ஆக்ஸ்/ஐஏஏ புரதம் அதோடு சேர்ந்து, டாப்லெஸ் என்ற துணை அடக்கியையும் அழைத்து வந்து, மரபணுவை வேலை செய்ய விடாமல் பிடித்து வைக்கிறது. ஆக்சின் வந்ததும், அதை உணரும் புரதமான டிஐஆர்1 ஏற்பியையும் ஆக்ஸ்/ஐஏஏ-வையும் பசைபோல ஒட்ட வைக்கிறது. அப்புறம் அடக்கியின் மேல் யுபிக்விடின் என்ற அழிப்பு அடையாளம் ஏறும், செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடும். டிஐஆர்1-தான் ஆக்சினின் ஏற்பி என்பது 2005-இல்தான் தெரியவந்தது.

இதிலிருந்து கேள்விகளை நீங்களே உருவாக்கலாம். சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துப் புரத உற்பத்தியை நிறுத்தினாலும் ஆக்சினின் முதல்கட்ட மரபணுக்கள் இயங்கும். தேவையான புரதங்கள் எல்லாம் ஏற்கெனவே செல்லில் இருக்கின்றன. எம்ஜி132 கொடுத்துப் புரோட்டியசோமைத் தடுத்தால் இயங்காது. ஆக்ஸ்/ஐஏஏ-வின் இரண்டாம் டொமைனில் (புரதத்தின் ஒரு பகுதி) மியூட்டேஷன் என்றால் டிஐஆர்1 அதைப் பிடிக்க முடியாது. அழியாத அடக்கி மரபணுவின் ஒரு பிரதியிலிருந்து வந்தாலே போதும், செடி ஆக்சினுக்கு மசியாது. ஆகவே அது ஓங்கு பண்பு.

ஜிப்பெரலினில் அடக்கி டெல்லா, ஏற்பி ஜிஐடி1. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் ஆர்எச்டி மரபணு மாறியதால், டெல்லா புரதத்தில் ஜிஐடி1 பிடிக்கும் பகுதி இல்லை. ஜிப்பெரலின் தெளித்தாலும் அது நீளாது. நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஐஆர்8 நெல்லும் குட்டைதான். ஆனால் அங்கே பழுது எஸ்டி1 மரபணுவில், அதாவது ஜிப்பெரலினைத் தயாரிக்கும் நொதியில். தெளித்தால் நீளும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் ஜிப்பெரலின் பகுதி பெரும்பாலும் கையில் வந்துவிட்டது.

ஜாஸ்மோனேட்டுக்கு அதிக நேரம் வேண்டாம். அடக்கி ஜாஸ், ஏற்பி சிஓஐ1, விடுபடுவது மரபணுக்களை இயக்கும் எம்ஒய்சி2. சிஓஐ1-உடன் சேர்வது வெறும் ஜாஸ்மோனிக் அமிலம் அல்ல, ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்த வடிவம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எல்லா ஹார்மோனையும் இதே அச்சில் வார்த்துவிடவும் கூடாது. அப்சிசிக் அமிலத்தின் வழியில் தடையாக இருப்பது பிபி2சி என்ற பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட்டை நீக்கும் நொதி). ஹார்மோனைப் பிடித்த ஏற்பி அதை அழிக்காமல் அதன் வேலையை முடக்குகிறது, எஸ்என்ஆர்கே2 கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) விடுபடுகிறது. எத்திலீனிலோ, எத்திலீன் இல்லாதபோதுதான் சிடிஆர்1 என்ற கைனேஸ் அதன் விளைவைத் தடுத்துக்கொண்டிருக்கும்; அது பழுதான செடி எத்திலீன் இல்லாமலே மும்மைத் துலங்கலை (நாற்று குட்டையாகி, தடித்து, நுனி வளைவதை) காட்டும். இந்த இரண்டுக்கும் தனித்தனியாகப் படம் போட்டுப் படியுங்கள்.