சாமந்தித் தோட்டத்து இராத்திரிகள்

அக்டோபர் 19
பல்பு கட்டி முடிச்சாச்சு. இராத்திரி 10 மணியில இருந்து 2 வரைக்கும் எரியும். அப்பா போன்ல கேட்ட முதல் கேள்வி, "சிவப்புதானே போட்ட?" சிவப்புதான்பா.

அக்டோபர் 22
அப்பாவோட ரிப்போர்ட் வரலை.

அக்டோபர் 25
தூக்கம் பிடிக்கலை, வரப்புல உட்கார்ந்திருக்கேன். ராயக்கோட்டை ரோட்டுல போறவங்க வண்டிய நிறுத்தி போட்டோ எடுக்கிறாங்க. செடி சீக்கிரம் வளர விளக்குன்னு நினைக்கிறாங்க. சாமந்தி இருட்டோட நீளத்தைப் பார்த்து மொட்டு வைக்கிற செடி. இப்போ பகல் 12 மணி நேரத்துக்கும் குறைவு. விட்டா சாண் உயரத்துலயே பூத்துடும். நடுராத்திரி வெளிச்சம் பட்டா, இராத்திரி சின்னதுன்னு நம்பி இலையும் கிளையுமா விடும். அதுக்கு நீலம் அவ்வளவு உதவாது. இலையில இருக்கிற ஃபைட்டோகுரோம் நிறமிக்கு 660 நானோமீட்டர் சிவப்புதான் முக்கியம். 730 பக்கம் இருக்கிற தூரச்சிவப்பு, சிவப்பு செஞ்சதைத் திருப்பிடும். குண்டு பல்புல அதுவும் நிறைய உண்டு. அப்போ செடி நெடுநெடுன்னு போகும்.

1952ல அமெரிக்காவுல, பெல்ட்ஸ்வில்ல, லெட்யூஸ்ங்கிற சாலட் கீரையோட விதைக்கு ரெண்டு வெளிச்சத்தையும் மாத்தி மாத்திக் காட்டினாங்க. கடைசியா சிவப்புன்னா முளைச்சுது. தூரச்சிவப்புன்னா பெரும்பாலும் முளைக்கலை. முன்னாடி காட்டினது எதுவும் கணக்குல வரலை.

அப்பாவுக்கும் இதுவரைக்கும் வந்த ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருந்துது.

நவம்பர் 3
விளக்கை நிறுத்தியாச்சு. பொங்கலுக்குப் பூ வேணும்னா இனி இருட்டுதான் வேணும்.

நவம்பர் 4
ரோட்டோரம் புதுசா தெருவிளக்கு. வெள்ளை எல்இடி. வெள்ளைக்குள்ளயும் சிவப்பு இருக்கு.

நவம்பர் 11
இன்னும் வரலை. அந்த விளக்கு விடிய விடிய எரியுது.

நவம்பர் 29
மொட்டு! நுனி இலையை விரலால விலக்கினா மிளகு அளவுல பச்சையா உட்கார்ந்திருக்கு. அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். ரோட்டோர சால்கள்ல மட்டும் இல்லை. அங்கே நுனியில இன்னும் இலைதான் விரியுது, மத்ததைவிடக் கரும்பச்சையா, கொழுகொழுன்னு. பார்க்கவே ஆத்திரமா வருது.

டிசம்பர் 1
வார்டு மெம்பர் மாமாகிட்ட கேட்டேன். "விளக்கை அணைச்சா பொம்பளைப் பிள்ளைங்க எப்படிம்மா நடந்து வருவாங்க?" நானும் அந்த ரோட்டுலதான் வர்றேன், மறுத்துப் பேச முடியலை. வேலி ஓரமா கறுப்புத் தார்ப்பாய் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன். இனி மறைச்சாலும் அந்தச் சால்கள் பொங்கலுக்கு வராது, சிவராத்திரிக்குப் பார்க்கலாம்.

டிசம்பர் 2
தார்ப்பாய் பாதிதான் கட்டியிருக்கு. அண்ணன் போன். டாக்டர் எல்லாரையும் வரச் சொன்னாராம். காலையில முதல் பஸ்.