25 மி.மீ. இறக்கியும் இடிக்கவில்லை: லோயரிங் ஸ்பிரிங், முன்பக்கம் முடிந்தது

என் காரில் லோயரிங் ஸ்பிரிங் (காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்) மாட்டும் வேலையில் முன்பக்கம் முடிந்துவிட்டது. கார் 25 மி.மீ. இறங்கியிருக்கிறது, வேகத்தடையில் 'டம்' சத்தம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் ஸ்பிரிங் மாறியதையே கவனிக்கவில்லை. தினமும் ஓட்டும் வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்!

லோயரிங் ஸ்பிரிங் என்றாலே எத்தனை மி.மீ. இறங்கும், எந்த பிராண்டு என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சொகுசைத் தீர்மானிப்பது வேறொரு எண். கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது ஷாக் அப்சார்பர் உடலின் மேல்விளிம்புக்கும் பம்ப் ஸ்டாப்பின் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் கட்டை) அடிக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடைவெளி. அதை அளக்காமல் ஸ்பிரிங் வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

அந்த இடைவெளியில் ஓட்டும்போது எவ்வளவு செலவாகிறது என்று அளக்க ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போதும். டஸ்ட் பூட்டை (ஷாக் தண்டை மூடும் உறை) மேலே தள்ளிவிட்டு, ஷாக் தண்டில் டையை மாட்டி, உடலைத் தொடும்வரை இறக்கிவிட வேண்டும். தானாக நழுவாத அளவுக்கு இறுக்கினால் சரி. ஓட்டும்போது ஷாக் அமுங்கினால் உடல் டையை மேலே தள்ளும். திரும்ப நீளும்போது டை தள்ளிய இடத்திலேயே நிற்கும். ஜாக்கில் தூக்கி அளந்தால் சக்கரம் தொங்கிவிடும், கிடைக்கும் எண் பொய். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, சக்கரம் தரையில் இருக்கும்போதே கையை நுழைத்து அளக்க வேண்டும். விரல் மரத்துப்போகும் வேலைதான், ஆனால் இந்த ஒரு அளவுக்காக எவ்வளவு நேரம் போனாலும் தகும். மேடுபள்ளத்தில் பிரேக் பிடித்தும் பாருங்கள். முன்பக்கம் கூடுதலாக அமுங்குவது அப்போதுதான்.

என் வண்டியில் பழைய ஸ்பிரிங்கோடு இடைவெளி 52 மி.மீ. சாதாரணச் சாலையில் 30 வரை அமுங்குகிறது, மோசமான பள்ளத்தில் 45. இப்போது 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கை யோசித்துப் பாருங்கள்: மிச்சம் 12. ஒவ்வொரு மேட்டிலும் கார் ஸ்பிரிங்கில் அல்ல, பம்ப் ஸ்டாப்பில்தான் உட்காரும். 'ஸ்பிரிங் ரொம்பக் கடினம்' என்று வரும் புலம்பல்களில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

25 மி.மீ. இறக்கினால் மிச்சம் 27, அதுவும் போதாது. அதனால் இறக்கிய வண்டிக்கென்றே செய்த, உடல் குட்டையான ஷாக்கைச் சேர்த்தேன் (பில்ஸ்டைன் பி8 இந்த வகைதான்). அதில் 15 மி.மீ. திரும்பக் கிடைத்து, இடைவெளி 42 ஆனது. முழுக்க அமுங்கினால் டயர் ஃபெண்டரில் உரசுமா என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

விறைப்பைப் பற்றிப் பலரும் பயப்படுவது தேவைக்கு அதிகம். பழைய ஸ்பிரிங் 24 நியூட்டன்/மி.மீ., புதியது 28. கேட்க 17 சதவீதம் அதிகம். ஆனால் கார் மேலும் கீழும் ஆடும் அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். ஒரு மூலையில் சுமார் 350 கிலோ உட்காரும் என் வண்டியில் 1.3 ஹெர்ட்ஸ் 1.4 ஆனது, அவ்வளவுதான். வேதனை என்னவென்றால், இந்த விறைப்பு எண்ணைச் சொல்லும் விற்பனையாளரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஒருவர் 'ஸ்போர்ட்டி ஃபீல் இருக்கும்' என்று மட்டும் பதில் எழுதினார். அதை வைத்து நான் என்ன கணக்குப் போட?

'ப்ரோக்ரசிவ்' (அமுங்க அமுங்கக் கடினமாகும் ஸ்பிரிங்) என்ற சொல்லை மட்டும் நம்பியும் வாங்காதீர்கள். கார் நிற்கும்போதே நெருக்கமான சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், மென்மையான பகுதி அங்கேயே தீர்ந்துவிட்டது. பிறகு ஓட்டத்தில் வேலை செய்வது கடினமான பகுதி மட்டும்.

மாட்டும் வேலை வழக்கமானதுதான். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே தாங்கும் கை) புஷ் போல்ட்டை மட்டும் கார் தன் புது உயரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும். ரைடு கெடும், சீக்கிரம் கிழியும்.

பின் ஸ்பிரிங்குகள் இன்னும் பெட்டியில். குட்டை ஷாக் வரவேண்டும். அதற்குள் ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு) புஷ்களையும் மாற்றிவிடலாமா என்று மனம் அலைகிறது. முன்பக்கம் இவ்வளவு நன்றாக வந்தபின் கை சும்மா இருக்க மறுக்கிறது. பின்பக்க அளவை மூன்று பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏற்றித்தான் எடுக்கப் போகிறேன், ஏனென்றால் அங்கே சுமைதான் இடைவெளியைத் தின்கிறது. எல்லாம் மாட்டி, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு வீல் அலைன்மென்ட். ஹெட்லைட் உயரத்தையும் அன்றைக்கே சரிபார்க்க வேண்டும்.