ஆல்ப்ஸ் தண்ணீரில் விளைந்த அரிசி

இத்தாலி என்றதும் ஊரில் எல்லாருக்கும் பாஸ்தாவும் பீட்சாவும்தான் நினைவுக்கு வந்தன. "அங்க போய் சோத்துக்கு என்னம்மா பண்ணுவே?" என்று என் மாமியார் நாங்கள் கிளம்பும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். கணவருக்கு வேலை கிடைத்தது நொவாராவில். மிலானுக்கும் தூரினுக்கும் நடுவில் இருக்கும் ஊர். நாங்கள் வந்து சேர்ந்தது ஏப்ரல் கடைசி. அந்த நாட்களில் நொவாராவிலிருந்து வெர்செல்லி பக்கம் ரயிலில் போனால், இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்கள்தான். வரப்பில் கொக்குகள் நிற்கும். வானம் தெளிவாக இருக்கும் காலையில் ஆல்ப்ஸ் தொடரின் பனி மூடிய மோந்தே ரோசா மலை அந்தத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். கட்டம் கட்டமான கடல் என்பார்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் அரிசியில் ஏறக்குறைய பாதி இத்தாலியுடையது. அதில் பெரும்பகுதி போ ஆற்றின் இந்தச் சமவெளியில்தான் விளைகிறது. மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த ஊர் பிடித்துப்போக வேறு காரணம் தேவைப்படவில்லை.

முதல் சில மாதங்கள் புது நாட்டுக்கு வரும் எல்லாருக்கும் போலத்தான் எங்களுக்கும் போயின. குடியிருப்பு அனுமதிக்கான தாள்கள், மதியம் கதவைச் சாத்திவிடும் கடைகள், நவம்பரில் இறங்கி வாரக்கணக்கில் நகராத மூடுபனி. அதையெல்லாம் விட எனக்குச் சொல்லத் தோன்றுவது கீழ்வீட்டு அம்மாவைப் பற்றி. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். என் மகள் அவரை நொன்னா, அதாவது பாட்டி, என்றே கூப்பிடுகிறாள். எனக்கு இத்தாலிய மொழி வந்தது அவர் அடுப்படியில்தான். நறுக்கு, கிளறு, போதும், இன்னும் கொஞ்சம்: இந்த வார்த்தைகளைத்தான் முதலில் கற்றேன்.

ரிசோட்டோ என்பது சாறு ஊற்றிக் கிளறி ஆக்கும் இத்தாலியச் சோறு. அவர் சொல்லிக்கொடுத்த முறையில் அரிசியைக் கழுவுவதே இல்லை. மூன்று தண்ணீர் கழுவி, உலையில் போட்டு, கஞ்சியை வடித்துப் பழகிய கைக்கு இது எப்படி இருக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காரணம் இருக்கிறது. அரிசியின் மேல் ஒட்டியிருக்கும் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்தால்தான் அந்த வழவழப்பு கிடைக்கும். நாம் வடித்துக் கொட்டுவதைத்தான் இவர்கள் சட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குவார். அரிசியைப் போட்டு, கையில் எடுத்தால் சுடும் வரை வறுப்பார். ஒரு கோப்பை வெள்ளை வைன், அதன் நெடி போகும் வரை பொறுமை. அப்புறம் பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் காய்கறிச் சாற்றை ஒவ்வொரு அகப்பையாக ஊற்றிக் கிளற வேண்டும். ஆறிய சாறு ஊற்றினால் வேகிற அரிசி அப்படியே நின்றுபோகும். பதினாறு, பதினெட்டு நிமிடத்தில் அரிசி வெந்திருக்கும், நடுவில் மட்டும் பல்லுக்குச் சின்ன எதிர்ப்பு இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெயும் துருவிய பார்மிஜானோ சீஸும் போட்டு வேகமாக அடிப்பார். தட்டைச் சாய்த்தால் அலை மாதிரி மெல்ல நகர வேண்டும். பொங்கலை விடத் தளர்வு, கஞ்சியை விடக் கெட்டி என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ரிசோட்டோவில் கிரீம் ஊற்றும் வீடியோக்கள் ஏராளம் வருகின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அரிசியே கொடுக்கிற ருசியைக் கிரீம் மூடிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு அவர் வீட்டில் மேசை நிறையும். மிலானிலிருந்து மகன் குடும்பத்தோடு வருவார். எங்களுக்கும் அங்கே இடம் உண்டு. குளிர்காலம் என்றால் பனிஷா, இந்த ஊருக்கே உரிய அரிசிச் சாப்பாடு. இரவே ஊறப்போட்ட போர்லொட்டி பீன்ஸ், முட்டைக்கோஸ், காரட், செலரி எல்லாவற்றையும் மெதுவாக வேகவிட்டு, அந்தச் சாற்றிலேயே அரிசியை ஆக்குவார்கள். பன்றிக் கொழுப்பும், மண்சாடியில் கொழுப்புக்குள் புதைத்துப் பதப்படுத்திய சலாமியும் சேர்ப்பது வழக்கம். நாங்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை என்பதால் எங்களுக்கென்று ஒரு சின்னச் சட்டி தனியாக இருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு தடவை மறந்ததுமில்லை.

அந்த மேசையில் சோறு தனியாக வரும். குழம்பு, கூட்டு எதுவும் கூட வராது. சோற்றை முடித்து, தட்டை எடுத்த பிறகுதான் இறைச்சியும் காயும். அப்புறம் சீஸ், இங்கே பெரும்பாலும் கோர்கொன்சோலா, நொவாரா அதற்குப் பேர்போனது. பிறகு பழம், காப்பி. நான்கு மணிக்குக் கூட யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பொங்கலன்று அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு என்று பரிமாறினேன். மூன்று தடவையும் சோறா என்று மகன்தான் திகைத்தார். அம்மா அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடித்துவிட்டு, ரசத்துக்கு மட்டும் மறுபடி தட்டை நீட்டினார். அவரை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றால் இதனால்தான்.

அவருடைய தாயார் இந்த வயல்களில் களை பறித்தவர். மொந்தினே என்று அந்தப் பெண்களைச் சொல்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே கடைசியில் எமிலியா, வெனெத்தோ பகுதிகளிலிருந்தெல்லாம் ரயில் ரயிலாக வந்து, ஏறக்குறைய நாற்பது நாள் பண்ணை வீடுகளின் கொட்டகைகளில் வைக்கோல் மெத்தையில் படுத்து, முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று நடவும் களையெடுப்பும் செய்தவர்கள். கூலியோடு நாளுக்கு ஒரு கிலோ அரிசியும் உண்டு. 1906இல் வெர்செல்லியில் போராடி எட்டு மணி நேர வேலையை வாங்கியவர்கள் இந்தப் பெண்கள். 1950களுக்குப் பிறகு களைக்கொல்லியும் இயந்திரமும் வந்து அந்த வேலை மறைந்தது. எமிலியாவிலிருந்து அப்படி வந்த தன் தாயார், இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார் என்று நொன்னா சொன்னபோது, நடவுக்குப் போன என் ஆச்சியைப் பற்றி நானும் சொன்னேன். வேலை செய்யும்போது பாடுவார்களா என்று கேட்டார். பாடுவார்கள் என்றேன். எங்கள் அம்மாவும்தான் என்றார். அன்று மதியம் முழுக்க அந்தப் பேச்சுதான்.

வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் காவூர் கால்வாயை ஒரு கோடையில் பார்க்கப் போனோம். கிவாஸோவில் போ ஆற்றிலிருந்து பிரிந்து, 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடி டிச்சீனோ ஆற்றை எட்டுகிறது. 1863இல் தொடங்கி 1866இல் முடித்திருக்கிறார்கள். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கிறார்களா என்று காது கொடுத்துக் காத்திருக்கும் ஊரிலிருந்து வந்தவள், மதகுப் பக்கம் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் கணவருக்கு ஆச்சரியமில்லை. மகளுக்குத்தான் பொறுக்கவில்லை, ஐஸ்கிரீம் கேட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் பயணங்களும் அரிசியைத் தேடித்தான் அமைந்தன. இலையுதிர் காலத்தில் வெரோனாவுக்குத் தெற்கே ஈசோலா தெல்லா ஸ்காலாவில் அரிசித் திருவிழா நடக்கிறது. அங்கே வியலோனே நானோ என்ற குட்டை அரிசிதான் ராஜா. அதற்கு 1996இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் ரிசோட்டோவில் இறைச்சியோடு ஒரு சிட்டிகை பட்டைப் பொடி போடுகிறார்கள். வாசனை வந்ததுமே எங்கள் மூவர் முகமும் மாறியது, பிரியாணி சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

மாந்துவா பக்கம் ரிசோட்டோவே வேறு. கொதிக்கும் தண்ணீரில் அரிசியைக் கூம்பாகக் குவித்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி கொட்டி, கொஞ்ச நேரம் கொதித்ததும் மூடி இறக்கி, துணி சுற்றி வைத்துவிடுகிறார்கள். கிளறுவதில்லை. பருக்கை பருக்கையாக வருகிறது. நெல் குத்தும் உரல்களில் வேலை பார்த்தவர்களின் சாப்பாடு அது. என் மாமியாருக்கு இந்த நாட்டில் பிடித்துப்போகும் முதல் சோறு இதுதான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சிசிலித் தீவின் பலேர்மோவுக்கும் போனோம். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் நிறையப் பேர் அங்கே குடும்பம் குடும்பமாக வாழ்கிறார்கள். நகரைப் பார்த்து நிற்கும் பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோயிலுக்கு, சைவர்கள் உட்பட, ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள். அந்த ஏற்றத்தில் தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் என் மகள் நின்றுவிட்டாள். இறங்கி வந்து குங்குமப்பூச் சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சீனே சாப்பிட்டோம். டிசம்பர் 13, சாந்தா லூசியா நாளில் பலேர்மோக்காரர்கள் ரொட்டியும் பாஸ்தாவும் தொடாமல் இதைத்தான் சாப்பிடுவார்களாம். கடைக்காரர் சொன்ன விதத்தில் அவ்வளவு பெருமை.

மாமியார் போன வருடம் வந்தார். மாந்துவா முறையில் ஆக்கினேன், இறைச்சி இல்லாமல், வெண்ணெயில் வதக்கிய பூசணியோடு. "சாதம் நல்லா உதிரா இருக்கே" என்று சொல்லி ரசம் கேட்டார். கொடுத்தேன். மற்ற ரிசோட்டோக்களில் வைனுக்குப் பதில் கடைசியில் எலுமிச்சை பிழிந்தேன், அந்தப் புளிப்புதான் வேண்டியது. சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரிஜினாரியோ என்ற உருண்டை அரிசி. இங்கே சூப்புக்கும் பால் இனிப்புக்கும் போடுவது, குழைவதில் நம் பச்சரிசிக்குக் குறைந்ததில்லை. ரிசோட்டோவுக்கு மட்டும் நான் கார்னரோலி அரிசியை விடுவதில்லை. அர்போரியோ பெரிய மணி, அழகாக இருக்கும், ஆனால் ஒரு நிமிடம் கவனம் தவறினால் குழைந்துவிடும்.

நொன்னாவும் மாமியாரும் ஒரு வார்த்தை பொதுவாகத் தெரியாமல் பால்கனியில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தார்கள். அடுத்த தடவை செப்டம்பரில் வரச் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் அறுவடை, இரண்டு பேரையும் வெர்செல்லிக்கு அழைத்துப் போக வேண்டும்.