தொடர்கதைக்கு ஒரு துப்பாக்கி: காரைக்குடி நாட்குறிப்பு

ஏப்ரல் 16, 2025

கதைக்களம் முடிவாகிவிட்டது. ஆண்டு 2140. செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு. உள்ளே காலாட்படையின் சிறு பிரிவு ஒன்று மூன்று இரவுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். வானத்தில் எதிரியின் ட்ரோன்கள். வீரர்கள் கையில் இருப்பது என்ன துப்பாக்கி என்பது மட்டும் இன்னும் அமையவில்லை.

நம் அறிவியல் கதைகளில் இந்த இடத்தில் நீல ஒளி பாயும், எதிரி சாம்பலாவான், தோட்டா தீர்ந்து ஒருவனும் தவிக்க மாட்டான். அதை என்னால் எழுத முடியாது. சுமக்கிறவனின் தோளை அழுத்துகிற துப்பாக்கி எனக்கு வேண்டும். அதற்குக் குழலை விட்டுவிட்டுத் தோட்டாவிலிருந்து தொடங்க வேண்டும். தோட்டா எப்படியோ அப்படித்தான் துப்பாக்கி அமையும்.

ஏப்ரல் 19

மின்காந்தத் துப்பாக்கியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 கிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போக வேண்டுமானால் சுமார் 1,600 ஜூல் ஆற்றல் தேவை. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் இதைப்போலப் பல நூறு மடங்கு இருக்கிறது. சிக்கல் நேரத்தில்தான். குண்டு குழலுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லி நொடி. அதற்குள் அவ்வளவையும் கொட்ட வேண்டும் என்றால் 16 லட்சம் வாட். எந்தப் பேட்டரியும் அப்படிக் கொட்டாது. மின்தேக்கிகளை முதுகில் கட்டித் தூக்க வேண்டும். இது வேண்டாம்.

பேட்டரிக்கு வேறு வேலை இருக்கிறது: தோட்டாவின் வெடிமருந்தைப் பற்றவைப்பது. அதற்குச் சிறு துடிப்பு போதும். ஆஸ்திரியாவின் வோரே நிறுவனம் 1990-களின் தொடக்கத்திலேயே மின்பொறியால் சுடும் வேட்டைத் துப்பாக்கியை விற்றிருக்கிறது. என் கதையில் அந்தப் பேட்டரி காரைக்குடியில் செய்ததாக இருக்கும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகம், நம் சிக்ரி, 1953-இல் திறந்தது. இந்த ஊர்க் கதையில் அதற்கு ஓர் இடம் கொடுக்காமல் இருக்க எனக்கு மனம் வராது.

ஏப்ரல் 25

ராக்கெட் தோட்டாவையும் யோசித்தேன். 1960-களில் அமெரிக்காவில் ஜைரோஜெட் என்று ஒன்று வந்தது. 13 மில்லிமீட்டர் தோட்டாவே ஒரு குட்டி ராக்கெட். அடியில் சாய்வான துளைகள், அவற்றின் வழியே வரும் வாயு அதைச் சுழற்றும். பின்னுதைப்பு மிகக் குறைவு. ஆனால் குழலை விட்டு வெளிவரும்போது வேகம் மிகக் குறைவாக இருக்கும், பறக்கப் பறக்கத்தான் கூடும். பக்கத்தில் நிற்பவனிடம் அது பலிக்காது.

செட்டிநாட்டு வீட்டில் இது எப்படி வேலை செய்யும் என்று பார்க்க, ஒரு நண்பரின் பூர்விக வீட்டுக்குப் போனேன். முகப்பில் நின்றால் முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுக்களை எல்லாம் தாண்டிப் பின்தெரு வாசல் வரை ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டில் ராக்கெட் தோட்டாவுக்கு வேகம் பிடிக்க இடம் உண்டு. கோட்டை விட்டு இரட்டை அறைக்குள் நுழைந்தால் எதிரி பத்தடியில் நிற்பான். நீக்கிவிட்டேன்.

மே 3

பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயாவிடம் எடையைப் பற்றிக் கேட்டேன். பித்தளை உறையே இல்லாத தோட்டாவை யோசிக்கிறேன் என்றும் சொன்னேன். எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் என்ற இரண்டு ராணுவத் துப்பாக்கிகளையும் சுமந்தவர்.

“தம்பி, துப்பாக்கியின் எடை பழகிவிடும். தோட்டாவின் எடைதான் பழகாது” என்றார். “சுடும் பயிற்சி முடிந்ததும் காலி உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விடமாட்டார்கள். உங்கள் துப்பாக்கியில் உறையே இல்லை என்றால், யார் எத்தனை சுட்டான் என்று எப்படித் தெரியும்?”

இதை நான் யோசித்ததே இல்லை. கதையின் விசாரணை அத்தியாயம் முழுக்க இந்தக் கேள்வியின் மேல் நிற்கலாம்.

மே 6

உறையில்லாத் தோட்டா. இதில்தான் எனக்கு ஆசை. வழக்கமான 5.56 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். குண்டும் மருந்தும் சேர்ந்து அதில் பாதிதான், மீதி பெரும்பாலும் பித்தளை உறை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் ஜி11 துப்பாக்கிக்காக மருந்தையே கட்டியாக்கி, குண்டை அதற்குள் புதைத்தது. 4.73 மில்லிமீட்டர் குண்டு, முழுத் தோட்டாவும் 5 கிராமுக்குச் சற்று மேல். குழலுக்கு மேலே படுத்திருக்கும் நீண்ட மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், 50 தோட்டாக்கள்.

ஆனால் பித்தளை சும்மா இருக்கவில்லை. அது மருந்தை ஈரத்திலிருந்து காக்கிறது. சுடும்போது விரிந்து, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. வெளியே தெறிக்கும்போது வெப்பத்தில் ஒரு பங்கைத் தன்னோடு எடுத்துப் போகிறது. அது போய்விட்டால் அந்த வெப்பம் துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் அறையிலேயே தங்கும். ஜி11-இன் ஆரம்ப மாதிரிகளில் விசையை அழுத்தாமலே தோட்டா தானாக வெடித்தது இதனால்தான். டைனமிட் நோபல் நிறுவனம் மருந்தையே மாற்றி, தானாக வெடிக்கும் வெப்பநிலையைச் சுமார் 100 டிகிரி உயர்த்தியது. அவ்வளவு உழைப்புக்குப் பிறகு, 1990-இல் ஜெர்மனி ஒன்றிணைந்தபோது பணம் வேறு பக்கம் திரும்பி, திட்டம் நின்றுபோனது. எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

மே 12

பித்தளை செய்த வேலையை மேகசினிடம் கொடுத்துவிட்டேன். அதன் உள்ளே அலுமினியத் தகடுகள், தகடுகளுக்கு இடையே மெழுகு. மேகசினைச் செருகியதும் தகடுகள் அறையின் சுவரைத் தொடும். மெழுகு உருக கிராமுக்குச் சுமார் 200 ஜூல் உள்வாங்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அறையில் 500 ஜூல் தங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 50 தோட்டாவுக்கு 25,000 ஜூல். 125 கிராம் மெழுகு போதும். தோட்டா தீர்ந்ததும் மேகசினைக் கழற்றி எறிந்தால் வெப்பமும் அதோடு போகும்.

இங்கேதான் கதை பிறக்கிறது. உருகிய மெழுகு மறுபடி உறையும் வரை அதே 60 டிகிரியில் வெகுநேரம் நிற்கும். வளவின் முற்றம் வானம் பார்த்தது. அங்கே விழுந்த மேகசினை வெப்பக் கண் கொண்ட ட்ரோன் உடனே கண்டுபிடிக்கும். ஒளிக்க ஒரே வழி தண்ணீர். பத்து லிட்டர் தண்ணீரில் போட்டால் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. வீட்டில் இருப்பதோ ஒரு கிடாரம், பெரிய அண்டா, தண்ணீர். மூன்று நாளும் குடிக்க அதுதான்.

மே 14

துப்பாக்கிக்கு, கையால் வீசும் வளைந்த பழைய ஆயுதமான ‘வளரி’யின் பெயரை வைக்கச் சொன்னார் ஒரு வாசகர். திருப்பத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது. 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர். வளரி வீசத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். கைத்திறன் மட்டுமே இயக்கிய ஆயுதத்தின் பெயரை, விரல் அசைத்தால் சுடும் ஒன்றுக்கு வைக்க எனக்கு விருப்பமில்லை. படையில் எண்தான் பெயர்: முப்பத்தொன்று.

மே 18

எடைக் கணக்கை ஐயாவிடம் காட்டினேன். 50 தோட்டா 260 கிராம். மெழுகும் தகடும் கூடும் சேர்ந்து 300. தோட்டாவைவிட மேகசின் கனம்.

“துப்பாக்கி, ரேடியோ, சாப்பாடு, மருந்துப்பெட்டி எல்லாம் இருக்கிறதே. ஐந்து மேகசினுக்கு மேல் எவனும் தூக்க மாட்டான், தம்பி.”

அப்படியானால் ஆளுக்கு 250 தோட்டா, மூன்று இரவு. விசாரணைக்கும் வழி கிடைத்துவிட்டது: மேகசினுக்கு எண் இருக்கும், கிடாரத்தின் அடியில் எத்தனை கிடக்கிறது என்று எண்ணலாம். அடுத்த அத்தியாயம் வெள்ளிக்கிழமை வரும்.